மடி கிரீக்கில் மே மாதம் படகு விட முடியுமா?

கேள்வி இதுதான். சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒருவர், மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு மூன்று நாள் ஒதுக்கி, யூட்டாவின் சான் ரஃபேல் ஸ்வெல் பாலைவனத்தில் ஓடும் மடி கிரீக்கில் துடுப்புப் படகு விட்டு வர ஆசைப்படுகிறார். கலிபோர்னியாவில் இருந்து மச்சினர் வருகிறார், விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கையில் இருப்பது ஏரியில் ஓட்டும் காற்றடைத்த இருவர் கயாக். 12 வயது மகளும் வருவேன் என்கிறாள். எப்படித் திட்டமிடுவது?

முதலில் டிக்கெட் விஷயம். அந்தத் தேதியில் அந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. வருடத்தில் பெரும்பாலான நாள் மடி கிரீக்கில் கணுக்கால் அளவுதான் ஓடும். மக்கள் அங்கே போவதே நடப்பதற்கு. படகு மிதக்கும் அளவு தண்ணீர் வருவது மலையில் பனி உருகும் போது மட்டும், அதுவும் நல்ல பனி பெய்த வருடத்தில், இரண்டு மூன்று வாரம். சில வருடம் அதுவும் இல்லை. அதனால் இந்தப் பயணத்துக்குத் தேதியை வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடாதீர்கள். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருங்கள். விடுமுறை நாளில் தண்ணீர் இல்லை என்றால் எங்கே போவது என்பதற்கும் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஓடையைப் பற்றி. வசாட்ச் பீடபூமியில் 10,000 அடி உயரத்தில் பனிக்காட்டில் பிறக்கிறது. எமரி என்ற சிறிய ஊரைத் தொட்டு இறங்கி, சான் ரஃபேல் ஸ்வெல்லைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போய், ஹாங்க்ஸ்வில் அருகே ஃப்ரீமான்ட் ஆற்றோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்த பின் பெயர் டர்ட்டி டெவில். அது கொலராடோ ஆற்றுக்குப் போகிறது. ஸ்வெல் என்பது சுமார் 6 கோடி முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி மடிந்து மேலே புடைத்ததில் உண்டான பாறைக் குவிமாடம். அந்தப் புடைப்பை ஓடை அறுக்கும் இடத்தில் பாறை இறுகி, இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவராகிவிடுகிறது. அந்த இடுக்குக்குத்தான் ‘தி ஷூட்’ என்று பெயர். டாம்சிச் ப்யூட் என்ற பாறைக் குன்றடியில் இறங்கி, ஷூட்டைக் கடந்து, ஹிடன் ஸ்ப்ளெண்டர் என்ற பழைய சுரங்கத்தடியில் ஏறுவது வழக்கமான பயணம். சுமார் 15 மைல்.

நீரோட்டத்தின் கடினம் என்று பார்த்தால் நடுத்தரத் தண்ணீரில் பெரும்பாலும் கிளாஸ் 2தான், ஒன்று எளிது, ஆறு மிகக் கடினம் என்ற அளவில். எண்ணைப் பார்த்து இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்து அலையில் இல்லை. இடுக்குக்குள் போனபின் வெளியேற வழி இல்லாததிலும், குறுக்கே கிடக்கும் மரத்திலும், எங்கோ பெய்யும் மழையிலும் இருக்கிறது.

சரி, தண்ணீர் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும். அமெரிக்க மேற்கு மலைகளில் ‘ஸ்நோடெல்’ என்ற தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. தரையில் விரித்த ஒரு பெரிய மெத்தை போன்ற கருவி, மேலே விழும் பனியின் எடையை அளந்து, அது உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் என்று தினமும் சொல்லும். வசாட்ச் பீடபூமியில் பக் ஃப்ளாட், டில்ஸ் கேம்ப் என்ற நிலையங்களை நான் பார்ப்பேன். பனியின் ஆழத்தைப் பார்க்க வேண்டாம், நீர் அளவைப் பாருங்கள். புதுப்பனி பஞ்சு மாதிரி, ஆழம் ஏமாற்றும். 2023-ல் யூட்டா முழுவதும் சராசரி நீர் அளவு 30 அங்குலத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய சாதனை 1983-ன் 26 அங்குலம். 2023 போன்ற வருடத்தில் இந்த மாநிலத்தில் வறண்ட ஓடை எல்லாம் ஆறாகிவிடும். அப்படி வருடம் அடிக்கடி வராது.

பனி மட்டும் போதாது, கீழே மண்ணும் ஈரமாக இருக்க வேண்டும். 2021-ல் இது நன்றாகத் தெரிந்தது. பனி சராசரியை விடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் முந்தைய கோடையும் இலையுதிர் காலமும் காய்ந்து கிடந்ததால், உருகிய தண்ணீரில் பெரும்பங்கை மண்ணே குடித்துவிட்டது. ஆற்றுக்கு வந்தது மிகக் கொஞ்சம். இன்னொன்று தூசி. வசந்த காலக் காற்றில் பாலைவனச் செம்மண் தூசி பறந்து பனி மேல் படிந்தால், வெள்ளைப் பனி பழுப்பாகி வெயிலை உறிஞ்சி, சில வாரம் முன்னதாகவே உருகி முடித்துவிடும். அப்படி நடந்த வருடத்தில் உங்கள் மே கடைசி வாரத்துக்கு எதுவும் மிஞ்சாது.

ஏப்ரல் முடிந்ததும் பார்வையை மலையிலிருந்து ஓடைக்கு மாற்றுங்கள். எமரிக்கு மேலே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நீரளவு நிலையம் இருக்கிறது, இணையத்தில் நாள் முழுவதும் ஓட்டத்தைக் காட்டும். அலகு, மேட்டூர் அணைச் செய்தியில் தினமும் கேட்கிறோமே, அதே ‘வினாடிக்கு இத்தனை கனஅடி’தான். ஒரு கனஅடி என்றால் சுமார் 28 லிட்டர். 100 கனஅடி என்றால் கண் முன்னால் ஒவ்வொரு வினாடியும் 2,800 லிட்டர் போகிறது என்று அர்த்தம். காவிரிக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓர் அறை அகலம் உள்ள ஓடைக்கு அது போதும்.

இங்கே புதிதாக வருபவர்கள் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. நிலையம் இருப்பது வாய்க்கால்களுக்கு மேலே. அதற்குக் கீழே எமரி விவசாயிகள் தண்ணீரைத் திருப்புகிறார்கள். பழைய உரிமை அது. 1880-களில் குடியேறியவர்கள் ஒரு குன்றையே குடைந்து, ஓடைத் தண்ணீரைத் தங்கள் வயலுக்குக் கொண்டுபோனார்கள். கையால் தோண்டி முடிக்க சில வருடம் ஆனது. 1888-ல் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில்தான் ஊர் நிற்கிறது. ஆகவே இணையத்தில் 200 என்று பார்த்தால், ஷூட்டில் 200 ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மடை திறந்திருந்தால் பாதிகூட வராமல் போகலாம். மே மாதம் பாசனம் மும்முரமாக நடக்கும் நேரம்.

என் அனுபவக் கணக்கு: ஷூட்டில் 100 கனஅடிக்குக் கீழே இருந்தால் படகை இழுத்துக்கொண்டு நடக்கிற பயணம்தான். அதற்கு மேலே இருந்தால் சிறிய படகு மிதக்கும். மேல் நிலையத்தில் 200-க்கு மேல் நாலைந்து நாள் தொடர்ந்து நின்றால் கிளம்பலாம். 400-ஐத் தாண்டினால், முதல் தடவை போகிறவர்கள் இறங்கக் கூடாது என்பேன். இடுக்கில் தண்ணீருக்குப் பக்கவாட்டில் விரிய இடமில்லை. அளவு இரண்டு மடங்கானால் வேகமும் ஆழமும் சேர்ந்து ஏறும், ஒதுங்கி நிற்க ஓரமே இருக்காது. இது எனக்கும் என் படகுக்கும் சரிப்பட்ட கணக்கு. கடைசி முடிவை ஓடைக்கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும்.

கரையில் நான் செய்வது இது. டாம்சிச் ப்யூட்டில் காரை நிறுத்தியதும் சாமான் இறக்க மாட்டேன். காலிப் படகை மட்டும் எடுத்துப் போய், ஓடை அகலமாகப் பரவி ஓடும் ஓரிடத்தில் விட்டு, ஆள் உட்கார்ந்து இருநூறு அடி போய்ப் பார்ப்பேன். இரண்டு மூன்று இடத்துக்கு மேல் அடி தட்டினால் திரும்பிவிடுவோம். இன்னொன்று, ஈர மணலில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். இரவு தங்கினால் காலையில் அதைப் பாருங்கள். பனி உருகுவது மத்தியான வெயிலில், அந்தத் தண்ணீர் இத்தனை மைல் நடந்து ஸ்வெல்லுக்கு வர இரவாகும், விடிந்துவிடவும் கூடும். இணையத்தில் நிலையத்தின் வரைபடக் கோடு தினமும் ஏறி இறங்குவது அதனால்தான். குச்சியைப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும் ஓடை எனக்குப் பிடிக்கும். ஏறிக்கொண்டிருக்கும் ஓடையில், அதுவும் மழை மேகம் தெரியும் நாளில், நான் இறங்குவதில்லை.

நான் முதல் தடவை போனபோது நாங்கள் மூன்று பேர், மூன்று சிறு படகு. தண்ணீர் கேழ்வரகுக் கூழ் நிறத்தில் இருந்தது. துடுப்பை ஒரு சாண் இறக்கினால் அதன் தட்டை முனை கண்ணுக்குத் தெரியாது. கால் மைல் போயிருப்போம், படகுக்கு அடியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. பஞ்சர் என்று பதறிப்போய் ஓரம் கட்டி, கவிழ்த்து, காது வைத்துக் கேட்டேன். காற்று போகவில்லை. தண்ணீரில் வரும் பொடி மணல் படகின் தோலை உரசிக்கொண்டு போகிற சத்தம் அது. பிறகு அந்தச் சத்தம் பழகிவிட்டது. வேகம் கூடினால் சத்தம் கூடும், தண்ணீர் தேங்கும் இடத்தில் அடங்கும். இடுக்குக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து, பேச்சு தானாக நின்று, அந்த உரசல் மட்டும் இரண்டு சுவரிலும் பட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே, துடுப்பை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், ஒரு மரத்தடி இரண்டு சுவருக்கும் நடுவே செருகி நின்றது. யாரும் வைத்ததில்லை. ஏதோ ஒரு வெள்ளம் அந்த உயரத்தில் ஓடியபோது கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது.

அதைப் பார்த்த பின் இரண்டு வளைவுதான். முன்னால் போன நண்பர் ஒரே ஒரு விசில் ஊதி, துடுப்பைத் தலைக்கு மேல் படுக்கையாகத் தூக்கிப் பிடித்தார். ‘நில்’ என்பதற்கு அதுதான் சைகை. வளைவு தாண்டி ஒரு காட்டன்வுட் மரம், ஆற்றோரம் வளரும் பாப்லர் வகை, கிளையோடும் வேரோடும் ஓடையை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் கிளைக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. இதைத்தான் ஸ்ட்ரெயினர் என்கிறார்கள், சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை விடும், ஆளை விடாது. ஓட்டம் அழுத்திப் பிடித்துக்கொண்டால் மூன்று பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. உள்வளைவில் கூழாங்கல் திட்டு கொஞ்சம் இருந்ததால் மூவரும் ஏறிவிட்டோம். படகைச் சுமந்து மரத்தைத் தாண்டி மறுபடி இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்தத் திட்டு இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அன்று இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அதனால் சில பழக்கங்களை முன்கூட்டியே கைக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணுக்கு முழுதாகத் தெரியாத வளைவில் படகோடு நுழையாதீர்கள். ஒருவர் ஓரம் கட்டி, நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். ஒரு படகு வளைவைத் தாண்டி, துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அடுத்தது கிளம்ப வேண்டும். கலங்கிய நீரில் கல் தெரியாது, நீரின் மேற்பரப்பைத்தான் படிக்க வேண்டும். நமக்கு எதிரே நீர் கூம்பாகக் குவிந்து கீழ்நோக்கிப் போனால் அது வழி. கூம்பின் முனை நம்மைப் பார்த்து இருந்தால் அங்கே கல். வெளிவளைவில் ஆழம் இருக்கும், வேகமும் மரமும் அங்கேதான் சேரும். ஓட்டம் சுவரோடு கொண்டுபோய் மோதினால், பயத்தில் எல்லோரும் சுவரை விட்டு விலகிச் சாய்வார்கள். அப்படிச் செய்தால் மேலே இருந்து வரும் தண்ணீர் படகின் ஓரத்தில் ஏறிக் கவிழ்த்துவிடும். சுவரைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதன் பக்கமே சாயுங்கள்.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதக்க வேண்டும். ஓட்டத்தில் முழங்கால் ஆழத்துக்கு மேல் எழுந்து நிற்க முயலக் கூடாது, கால் கல்லிடுக்கில் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னே தள்ளி அமுக்கிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு அந்தச் சல்லடை மரம். அதை நோக்கிப் போகிறோம், தப்ப வழியில்லை என்றால், குப்புறப் புரண்டு, தலை முன்னே இருக்கும்படி வேகமாக நீந்திப் போய், மரத்தின் மேல் ஏறிவிட வேண்டும். காலை முன்னே விட்டால் அடியில் போய்விடும். இதைப் படித்தால் போதாது. வசந்த காலத்தில் நடக்கும் நீர் மீட்புப் பயிற்சி வகுப்பில் ஒரு வார இறுதி செலவழியுங்கள், மச்சினரையும் சேர்த்து.

குளிரைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பாலைவனம், மே கடைசி, வெளியே 30 டிகிரி இருக்கும். ஆனால் தண்ணீர் நேற்றுவரை பனியாக இருந்தது. இடுக்குக்குள் வெயில் சில நிமிடம்தான் விழும். கால் மணி நேரம் நீரில் கிடந்தால் விரல் மடங்காது, கயிற்றைப் பிடிக்க முடியாது. வெட்சூட் என்ற, உடம்போடு ஒட்டிச் சூடு காக்கும் ரப்பர் உடை கட்டாயம், நீரே உள்ளே புகாத ட்ரைசூட் இருந்தால் உத்தமம். பருத்தி உடை வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், உடம்போடு இறுக்கிக் கட்டிய மிதவைச் சட்டை, அதில் ஒரு விசில், ஒரு கத்தி. ஆளுக்கு ஒரு செட் காய்ந்த உடை நீர்ப்புகாப் பைக்குள்.

உங்கள் ஏரிக் கயாக் சரிப்படாது. அது நீளம், இடுக்கில் குறுக்கே மாட்டினால் திரும்பாது. அடித்தோலும் மெல்லியது. பேக்ராஃப்ட் என்ற ஒற்றை ஆள் காற்றுப் படகு இதற்கென்றே பிறந்த மாதிரி. மூன்று நாலு கிலோ எடை, முதுகில் சுமக்கலாம், கல்லில் மோதினால் வளைந்து கொடுக்கும், மரம் வந்தால் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடக்கலாம். வாடகைக்குக் கிடைக்கிறது. தண்ணீர் தானாக வெளியேறும் அமைப்புள்ள, தடித்த அடிப்பாகம் கொண்ட குட்டைக் காற்றுக் கயாக்கும் பரவாயில்லை. ஒட்டுப்போடும் பொருளும் ஒரு உதிரித் துடுப்பும் குழுவுக்குக் கட்டாயம்.

குடிதண்ணீர் முழுவதையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், இரண்டு நாளுக்கு 8, அதற்கு மேல் கொஞ்சம் காரிலும். ஓடைத் தண்ணீரில் மாட்டுக் கழிவு உண்டு, வழியில் கரையும் உப்பு உண்டு, பழைய யுரேனியம் சுரங்கங்களைத் தொட்டுக்கொண்டும் வருகிறது. ஃபில்டர் போட்டால் சேற்றில் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும், உப்பும் உலோகமும் அதில் நிற்காது. பாத்திரம் கழுவ, கை கால் கழுவ மட்டும் ஓடைத் தண்ணீரைத் தெளியவைக்கலாம். பக்கெட்டில் பிடித்து, ஒரு சிட்டிகை படிகாரம் போட்டுக் கலக்கி ஓரமாக வைத்தால், சில மணி நேரத்தில் சேறு அடியில் தங்கிவிடும். கொலராடோ பக்கத்து ராஃப்டிங்காரர்கள் எல்லோரிடமும் படிகார டப்பா இருக்கும். எங்கள் பாட்டி ஆற்றுத் தண்ணீர்ப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடுவார். அந்தக் கூழ்நிற பக்கெட் தெளிந்து வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானை ஞாபகம் வரும்.

அப்புறம் மழை. இங்கே பருவமழை ஜூலை முதல் செப்டம்பர் வரை, அந்த மாதங்களில் ஷூட்டுக்குள் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மே மாதத்திலும் இடிமழை வரும். நாம் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருப்பதை நம்பக் கூடாது. 1997 ஆகஸ்ட் 12-ல் அரிசோனாவில் ஆன்டலோப் கேன்யன் இடுக்கில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே இல்லை, சில மைல் தள்ளி, மேலே. பாறை நிலத்தில் மண் இல்லை, புல் இல்லை, பெய்த மழை அப்படியே வழிந்து ஓர் இடுக்குக்குள் சேர்கிறது. தமிழில் காட்டாறு என்று சொல்கிறோமே, அதே குணம். முன்னறிவிப்பைப் பார்க்கும்போது டாம்சிச் ப்யூட்டுக்கு மட்டும் பார்க்காதீர்கள், எமரிக்கும் மேலே மலைக்கும் சேர்த்துப் பாருங்கள். இடிமழை வாய்ப்பு என்று ஒரு வார்த்தை இருந்தாலும் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

மழை உள்ளே பெய்யாவிட்டாலும் வெளியே சாலையில் பெய்தால் போதும், மாட்டிக்கொள்வீர்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மழைக்குப் பின் நடந்தவர்களுக்கு இது புரியும். இந்தப் பக்கத்துச் சாம்பல் களிமண்ணும் அதே ஜாதி, ஈரம் பட்டால் உப்பிப் பசையாகி டயரைச் சுற்றிக்கொள்ளும். நால்சக்கர இயக்கம் இருந்தாலும் வண்டி எருமை மாதிரி படுத்துவிடும். ஒருமுறை இரண்டு இரவு காத்திருந்தோம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: காய்கிறவரை அசையாமல் இருப்பது. அதற்குத்தான் கூடுதலாக இரண்டு நாள் சாப்பாடும் தண்ணீரும்.

இரண்டு கார் வேண்டும். முதல் நாள் ஒன்றை ஹிடன் ஸ்ப்ளெண்டரில் விட்டுவிட்டு, இன்னொன்றில் டாம்சிச் ப்யூட்டுக்கு வர வேண்டும். எல்லாம் மண்பாதை, தூரத்தை விட நேரம்தான் கணக்கு, அரை நாள் போய்விடும். ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர் ஊருக்கும் சலைனாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. கிரீன் ரிவரிலோ ஹாங்க்ஸ்விலிலோ முழு டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருக்க வேண்டும், ஊரில் இருக்கும் ஒருவரிடம் “இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் எமரி கவுண்டி ஷெரிஃபைக் கூப்பிடு” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தைத் தாராளமாகவே வையுங்கள். அனுமதி, குழு அளவு பற்றிய விதிகளை அந்த வருடத்துக்கு ஒருமுறை பிரைஸ் நகரில் உள்ள நில மேலாண்மைப் பணியக அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள், சாலை நிலவரத்தையும் அவர்களே சொல்வார்கள். 2019 மார்ச்சில் வந்த சட்டத்தில் இந்தப் பகுதி மடி கிரீக் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே வண்டி போகக் கூடாது.

ஹிடன் ஸ்ப்ளெண்டரில் ஏறும்போது அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதையும் தெரிந்திருக்கட்டும். 1952-ல் வெர்னன் பிக் என்பவர் தனியாக அலைந்து இங்கே யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். 1954-ல் அட்லஸ் கார்ப்பரேஷன் 90 லட்சம் டாலருக்கு வாங்கியது. அணுகுண்டுக் காலத்தின் பெரும் பேரங்களில் ஒன்று. தாது எதிர்பார்த்த அளவு வரவில்லை. இன்று மிச்சம் இருப்பது பாறைக் குவியலும், சுரங்க வாய்களும், சிறு விமானங்கள் இறங்கும் ஒரு மண் ஓடுதளமும்தான். சுரங்கத்துக்குள் போகாதீர்கள், அங்கே தேங்கும் கதிர்வீச்சுள்ள ரேடான் வாயு மூக்குக்குத் தெரியாது. கூடாரத்தையும் கழிவுக் கற்குவியலை விட்டுத் தள்ளி அடியுங்கள். நடக்கும்போது கருத்த, மொறுமொறுப்பான மண் ஓடு தெரிந்தால் சுற்றிப் போங்கள். அது உயிருள்ளது, பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மணலைக் கட்டி வைத்திருக்கிறது. ஒரு காலடி பட்டால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். மலம் உட்பட எல்லாக் கழிவையும் அதற்கான பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும்.

இனி உங்கள் விடுமுறை. மே தொடக்கத்திலேயே நிலையத்தின் கோட்டைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். மே 20 வரை தண்ணீர் ஏறவில்லை என்றால் யோசிக்காமல் மாற்று இடத்துக்குப் போய்விடுங்கள். கிரீன் ரிவர் ஊருக்கு மேலே கிரே கேன்யன். நெஃபர்டிட்டி என்ற இடத்தில் இறங்கி ஸ்வேசீஸ் கடற்கரை வரை ஒருநாள் பயணம். கடற்கரை என்பது பெயரில்தான், ஆற்று மணல்திட்டு அது. மேலே ஃப்ளேமிங் கார்ஜ் அணை இருப்பதால் கோடை முழுவதும் தண்ணீர் இருக்கும். ஆறு அகலம், அலை பெரும்பாலும் கிளாஸ் 2, கரையோரமாகவே சாலை வருகிறது, யாருக்காவது முடியவில்லை என்றால் ஏறிவிடலாம். மச்சினரின் டிக்கெட் வீணாகாது, மகளோடு எல்லோரும் சேர்ந்து போகலாம்.

மகளைப் பற்றி நேராகச் சொல்கிறேன். தண்ணீர் வந்தாலும் இந்த முறை ஷூட்டுக்கு அவளைக் கூட்டிப் போகாதீர்கள். 12 வயதில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அந்த மரத்தின் முன்னால் ஐந்து வினாடிக்குள் தானாக முடிவெடுத்து நீந்த வேண்டியிருக்கும். கிரே கேன்யனில் அவளுக்கென்று தனி பேக்ராஃப்ட் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். உங்கள் படகில் பயணியாக உட்கார வைக்க வேண்டாம். முதல் நாள் காலையில் கரையோரத் தேக்கத்தில் அவளே கவிழ்ந்து, அவளே படகை நிமிர்த்தி ஏறட்டும், நாலைந்து தடவை. செப்டம்பர் கடைசியில், மழை ஓய்ந்து ஓடை கணுக்கால் அளவுக்கு இறங்கிய பின், டாம்சிச் ப்யூட்டிலிருந்து ஷூட்டின் வாய் வரை அவளோடு நடந்து போய்த் திரும்புங்கள். பழைய செருப்பு வேண்டாம், சேற்றில் பிடுங்கிக்கொள்ளும், நாடா கட்டிய ஷூ போடச் சொல்லுங்கள். அந்த மரத்தடி இன்னும் சுவருக்கு நடுவே நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.